வரப்பில் வயலின்

மகளை வயல் வரப்பில் உட்கார வைத்து வயலின் சாதகம் செய்யச் சொல்கிற அப்பா, திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்திலேயே வீரையன் ஒருவர்தான்.

விடிந்ததும் பிரகதீஸ்வரியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் கிளம்பும் வரை வில் ஓயக் கூடாது. வயலின் டீச்சர் மாளவிகாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. “இசை படிச்சா பிள்ளைங்களுக்கு ஞாபகசக்தி வளரும், கணக்கு நல்லா வரும். அதோட அருமை தெரிஞ்சவர் இவர்தான்!” என்று ஆண்டு விழா மேடையில் அவருக்குச் சால்வையே போர்த்தியிருந்தாள்.

அந்த வீரையன் இன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாளவிகா வயலினைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“என்னங்க, பாப்பாவை நிறுத்தப் போறீங்களா? மார்க் குறைஞ்சிருச்சா?”

“சேச்சே! கணக்குல தொண்ணூத்தெட்டு டீச்சர்.”

“அப்புறம் என்ன? இப்பதான் சுருதி சுத்தமா சேர்ந்து, கேக்கவே தேனா இருக்கு!”

“அதாங்க வினை. போன சம்பாவுல பாப்பா ஒரு இழுப்பு இழுத்தா, வயல்ல ஒரு மயில் நிக்காது. ஒரு கதிர் சேதமில்ல. இந்த வருசம் என்னடான்னா பதினோரு மயிலுங்க. வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே சாவகாசமா நெல்லைக் கொத்துதுங்க.”



வீரையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாப்பா தொடர்ந்து படிக்கட்டும்ங்க. புதுசா சேர்ந்த பிள்ளைங்க இருந்தா மட்டும், அறுவடை வரைக்கும் காலையில நம்ம வயலுக்கு அனுப்பி வைக்கிறீங்களா?”