கல் ஆஸ்பத்திரி நோயாளிகள்

வார்டு முழுக்க முனகல். எல்லாக் கட்டிலிலும் ஆள், எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டு. ஷீலா சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

மருந்து வாடை இல்லை அது, வெற்றிலையும் புகையிலையும். வலது காலில் கட்டுப் போட்டிருந்தவர் எழுந்து ஜன்னல் வழியே துப்பிவிட்டு, இடது காலை நொண்டிக்கொண்டு வந்து படுத்தார்.

எல்லாம் ஆனந்தகுமார் ஏற்பாடு. நூறு வருஷத்துக் கல் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற ஆளே வருவதில்லை, மூடி இடித்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவுகட்டியிருந்தது. இன்று கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறார்கள். கட்டடப் பாதுகாப்புக் குழுத் தலைவரான ஆனந்தகுமார், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வேன் நிறைய ஆட்களை இறக்கி, ஆளுக்கொரு புது விரிப்பு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார். மதியம் பிரியாணி.

தான் பிறந்த ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று ஷீலாவும் தலையாட்டியிருந்தாள். இப்போது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு.

அதிலும் அந்த மூலைக் கட்டில்காரர். விரிப்பு பற்றாமல் வெறும் மெத்தையில் கிடந்தார். எலுமிச்சை வாடை அடிக்கும் பையைத் தலைக்கு வைத்து, வேர்த்த மாதிரித் தெரியட்டும் என்று சட்டையில் தண்ணீர் வேறு தெளித்திருந்தார் போல. பார்க்கச் சகிக்கவில்லை.

"சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாவ?"

இன்றைக்கு டாக்டரே கிடையாது. தெரியாத மாதிரிக் கேட்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல்.

"ஆபீசர் வரட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள தொண்டைய வீணாக்காதீங்க."

"நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு தாயி."

"இத அவுங்க முன்னால சொல்லுங்க."

அவர்கள் வந்தார்கள். பெரிய அதிகாரி ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து, மூலையில் நின்றார். "இவருக்கு என்ன?"

"நெஞ்சுவலி சார். டாக்டர் இப்பதான் பாத்துட்டுப் போனாரு" என்றார் ஆனந்தகுமார் கூசாமல். ஷீலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை பேர் நம்பி வர்ற இடத்தை மூட முடியாது" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

கார் வாசலைத் தாண்டியதும் கட்டுகள் பறந்தன. பிரியாணிப் பொட்டலத்துக்கு அடிதடி. துப்பின வாயோடு அப்படியே தின்ன உட்கார்ந்தார்கள். மூலைக்காரர் மட்டும் எழவில்லை.

"போதும் அண்ணாச்சி, அவுங்க போயாச்சு" என்றவள், ஆனந்தகுமாரைக் கூப்பிட்டாள். "இங்க ஒரு பொட்டலம் குறையுது."

"குறையாதே. விரிப்பு, பொட்டலம் எல்லாம் எண்ணித்தான வாங்குனேன்" என்றபடி வந்தார் அவர்.

எழுப்புவதற்காக ஷீலா மூலைக்காரரின் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

ஆனந்தகுமார் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"இவரு நம்ம வேன்ல வந்த ஆளு இல்லையே, சிஸ்டர்."