கழற்றிய கம்பி

கற்பூரம் ஏற்றும்போதுதான் அந்தக் கிளிப் அவள் கண்ணில் பட்டது.

கறுப்பு முதலைக் கிளிப். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பிலிருந்து வந்த ஒயரின் நுனியில், பக்கத்திலிருந்த, மெயின் கரண்டில் ஓடும் சோதனைப் பலகையைக் கவ்விக்கொண்டு அப்படியே இருந்தது.



போன வாரம் மாட்டியது. மாட்டியவள் அவள்தான்.

அன்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. கிளிப்பை வைத்தால் டிரிப், கரண்ட் போய்விடும். எடுத்துவிட்டு வைத்தால் மறுபடி டிரிப். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கொட்டாவி விட்டபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஸ்கோப்பின் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு மூடினாள். அதற்குப் பிறகு டிரிப் ஆகவில்லை. திரையில் அலை அழகாக நின்றது. பிள்ளைகள் கைதட்டாத குறை.

தேர்வு முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

எர்த் இருந்தால், கிளிப் வழியாக ஸ்கோப்பின் பெட்டியில் ஏறுகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். சுவிட்ச் தானாக விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. கரண்ட் அந்தத் தகரப் பெட்டியிலேயே இருக்கும், யாராவது வந்து தொடுகிறவரை.

இதை முதல் வகுப்பிலேயே நடத்துகிறவளும் அவள்தான். லேப் வாசலில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒட்டியிருப்பதும் அவள் பெயர்தான்.

இன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம்.

ஆயுத பூஜை என்று காலையில்தான் லேபைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை இன்னும் காயவில்லை. செருப்பெல்லாம் வாசலுக்கு வெளியே கிடந்தன. வகுப்பு முழுக்க வெறுங்காலோடு நின்றது. அவளும்தான். மற்ற நாளில் ஒருவன் வெறுங்காலோடு உள்ளே வந்தால் கத்தித் தீர்த்துவிடுவாள். பூஜையன்று அதை எந்த வாயால் சொல்வது?

துறைத்தலைவர் குலசேகரன் மணியை ஆட்டி முடித்தார். பூஜை ஆனதும் ஒரு கருவியை ஓடவிடுவது இந்தத் துறையின் வழக்கம். திரையில் அலை தெரியும் என்பதால் அந்த மரியாதை எப்போதும் ஸ்கோப்புக்குத்தான்.

"யோகலட்சுமி, நீ வாம்மா. ஸ்கோப்பு, பலகை, ரெண்டு சுவிட்சையும் போடு. போட்டுட்டு பெட்டியத் தொட்டுக் கும்பிட்டுக்க."

மூன்றாம் ஆண்டு யோகலட்சுமி முன்னால் வந்தாள். தீர்த்தம் வாங்கிய கை இன்னும் ஈரமாக இருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதான். சார், எர்த்தை நான் கழற்றினேன். அவ்வளவுதான்.

வாசலில் ஒட்டியிருந்த தன் பெயரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. இன்னொன்று. திரையில் பச்சைக் கோடு மெல்ல எழுந்தது.

யோகலட்சுமியின் கை பெட்டியை நோக்கிப் போனது.

அவள் யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சுவரிலிருந்த மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விளக்குகள் அணைந்தன. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல யாரும்மா அது?" குலசேகரனின் குரலில் பூஜைக் கனிவெல்லாம் போயிருந்தது.

"எர்த் லூஸா இருக்கு சார். இந்த ஸ்கோப்ல மட்டும்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல். தானாகக் கழன்றதற்கு யாரைக் கேட்பார்கள்?

"சரி, அதப் பாருங்க. நாங்க பக்கத்து லேப்ல முடிச்சிட்டு வந்துடறோம்."

பூஜைத் தட்டும் கூட்டமும் ப்ராஜெக்ட் லேபுக்கு நகர்ந்தன. யோகலட்சுமி மட்டும் நின்றாள். கேட்காமலே செல்போன் விளக்கைப் பிடித்தாள்.

அந்த வெளிச்சத்தில் அவள் பிளக்கைப் பிடுங்கித் திறந்தாள். திருகு இரண்டு முறை நழுவியது. உள்ளே எர்த் கம்பி ஓரமாக மடங்கிக் கிடந்தது. போன வாரம் எப்படி மடித்து வைத்தாளோ அப்படியே.

இந்தப் பெண் போயிருப்பாள். இந்நேரம் போயிருப்பாள். யோகலட்சுமியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இது லூஸ் இல்லையே மேடம். அன்னிக்கு நீங்க கழட்டினதுதானே?"

குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான் இருந்தது.

"நீங்க செஞ்சதப் பாத்துத்தான் மேடம் நாங்களும் கத்துக்கிட்டோம். ப்ராஜெக்ட் லேப்லயும் சும்மா சும்மா டிரிப் ஆகிட்டே இருந்துச்சு. அங்க எல்லா ஸ்கோப்லயும் கழட்டிட்டோம். பூஜைக்குக் கிளிப்பெல்லாம் மாட்டி ரெடியா வச்சிருக்கோம். இப்பல்லாம் டிரிப்பே ஆகறதில்ல."

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது.

அந்த லேபுக்கு மெயின் சுவிட்ச் வேறு.

சுவருக்கு அப்பால் மணிச் சத்தம் நின்றது. குலசேகரன் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

ஈரத்தில் வழுக்கி, கதவைப் பிடித்து நிமிர்ந்து, வெறுங்காலோடு ஓடினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"தொடாதீங்க! எர்த்தை நான்தான் சார் கழட்டினேன், நான்தான் கழட்டினேன்!"

திரையில் அலை வந்துவிட்டது போலிருக்கிறது. உள்ளே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.