காயம்பட வசதியானவன்

"எந்தக் கால்?" என்று மேனேஜர் கேட்டார்.

பெஞ்சு குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தான். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

ஹாக்கி அணியில் சேர்ந்து இரண்டு சீசனாக மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சை விட்டு எழுந்திருக்காததால் வந்த பெயர் அது. அவனுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இடது பக்கம் தடுத்தாடும் லெஃப்ட் பேக்குக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டதால் அவனுக்குப் பதிலாக நீதான் இறங்குகிறாய் என்று நேற்று கோச் சொல்லியிருந்தார். பெஞ்சு ஓடிப்போய் ஸ்டிக்குக்குப் புது கிரிப் சுற்றினான். மாமனார் குடும்பத்தோடு ரயில் டிக்கெட் போட்டார். கல்யாணமான நாள் முதல், "மாப்பிள்ளை, டிவியில எப்பத்தான் வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்.

இன்று காலை முதலாளி ஒரு புது லெஃப்ட் பேக்கை வாங்கிவிட்டார்.

அவன் முகத்தோடு வாசலில் பேனர் ஏறிவிட்டது. அணியில்தான் இடமில்லை.

விதி எளிது. அணியில் இருபது பேருக்கு மேல் கூடாது. யாராவது ஒருவருக்குக் காயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் வெளியே, புது ஆள் உள்ளே.

காயத்துக்கு அணியில் பஞ்சமில்லை. பழைய லெஃப்ட் பேக் மாடிப்படியைக் கைப்பிடிச் சுவரின் தயவில் ஏறிக்கொண்டிருந்தான். ஆனால் பிஸ்கட் விளம்பரத்தில் சிரிப்பது அவன். அவனை வெளியே அனுப்பினால் பிஸ்கட்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். கோல்கீப்பருக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. முதலாளியம்மாவின் தங்கை மகன் என்பதால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏறிவிடும் என்று முடிவாயிற்று. கேப்டனைப் பற்றிப் பேச்சே எழவில்லை. டிக்கெட் விற்பதே அவர் முகத்துக்குத்தான்.

அணியில் காயம்பட்டவர்கள் பலர். காயம்பட வசதியானவன் ஒருவன்தான்.

"சார், எனக்கு ஒண்ணுமே இல்லையே," என்றான் பெஞ்சு.

"அதைத்தாம்ப்பா நானும் சொல்றேன். உனக்கு ஒண்ணும் இல்ல. வெளிய இருந்தாலும் நீ நல்லாத்தான் இருப்ப."

"புது ஆளுக்குப் பதிலா என்னையே இறக்கலாமே சார்?"

"உனக்கு அனுபவம் பத்தாதுடா," என்றார் கோச்.

"இறக்கினாத்தானே சார் வரும்?"

நல்ல கேள்வி என்பதுபோல் கோச் தலையாட்டினார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

டாக்டர் மட்டும் முரண்டு பிடித்தார். மனசாட்சி உள்ளவர். ஸ்கேன் படம் இல்லாமல் காயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அறையில் சிறிது நேரம் அறம் நிலவியது.

பிறகு அவரே தன் பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். முந்தாநாள் எடுத்தது. வலது முழங்கால். ஜவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. சந்தேகமே இல்லாத அசல் காயம். பெயர் இருக்கவேண்டிய மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

யாருடைய கால் என்று யாரும் கேட்கவில்லை. மனசாட்சி கையெழுத்துப் போட்டது.

"அப்ப வலது," என்றார் மேனேஜர்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். பெஞ்சுகூட வலது காலைக் கொஞ்சம் யோசித்து எழுந்தான். மூலை நாற்காலியில் இருந்த கேப்டன் மட்டும் எழவில்லை. தலையை லேசாக அசைத்தார். நட்சத்திரம் என்றால் அப்படித்தான். முதலாளிக்கே அது பெருமையாக இருந்தது.

"காயம்தான் தம்பி ஒரு வீரனுக்கு மகுடம்," என்று முதலாளி பெஞ்சின் தோளைத் தட்டினார். பிறகு ஏசி நேராக முகத்தில் அடிக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்தார்.

முழங்காலுக்குக் கட்டுப் போட்டார்கள். பெஞ்சின் கையிலிருந்த ஸ்டிக்கை மேனேஜர் வாங்கி ஓரமாகச் சாத்தினார். முட்டி போனவன் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போனால் நன்றாக இருக்காது.

"எங்க, நொண்டு பாப்போம்."

பெஞ்சு நொண்டினான்.

"இது முள்ளு குத்தினவன் நொண்டறது," என்று கேப்டன் நாற்காலியிலிருந்தே திருத்தினார். "முட்டிய மடக்காத. இடுப்பிலேர்ந்து தூக்கி வை. கால் தரையில படுறப்ப மூச்சைப் பிடி. வாய் சிரிக்கணும், கண்ணு சிரிக்கக்கூடாது."

அப்படியே செய்ததும் அச்சு அசலாக வந்துவிட்டது. பெரிய ஆட்டக்காரருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று கோச் வியந்தார்.

வாசலில் கேமராக்கள் காத்திருந்தன. "நானும் தம்பிகூட வர்றேன்," என்று கேப்டன் கையை நீட்டினார். பெஞ்சு அதைப் பிடித்துக்கொள்ள, அவர் எழுந்து அவன் தோளைச் சுற்றிக் கை போட்டார். முதலாளியின் கண் கலங்கியது.

படியில் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். காயம்பட்ட தம்பியைத் தாங்கி வரும் கேப்டன் என்று ஒரு நிருபர் தழுதழுத்த குரலில் மைக்கிடம் சொன்னார். பெஞ்சின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மாமனாராக இருக்கும். மாப்பிள்ளை ஒருவழியாக டிவியில் வந்துவிட்டார்.

பெஞ்சின் தோள் இறங்கிக்கொண்டே போனது. அதன்மேல் இருந்தது கை மட்டும் அல்ல, முழு ஆள்.

கேப்டன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"மெதுவா நொண்டுடா தம்பி," என்றார் பல்லிடுக்கில். "நீ வேகமா நொண்டினா நான் விழுந்துடுவேன்."