பதினாலாம் நம்பர் ஊசி

"ஊசிய எடுத்தது நீங்கதான். ஒத்துக்கோங்க."

கத்தினவளுக்கு லேப்ல வச்ச பேரு பட்டாசு. எதிர்ல நின்னது மெஷின் அண்ணன். இருபது வருஷமா அங்க மைக்ராஸ்கோப்பைப் பாத்துக்கறவரு.

"தொலைஞ்சு போச்சும்மா. என் தப்புதான்."

மைக்ராஸ்கோப்புல மாட்டற, முனை கண்ணுக்கே தெரியாத ஊசி அது. இருட்டுல கை தடவிப் பாக்கற மாதிரி, தங்கத் துகள் தூவின தகட்டைத் தடவிப் படம் காட்டும். அந்தத் துகளைத் தள்ளி நகத்தவும் செய்யும். மூணு வருஷம் மல்லுக்கட்டி, போன மாசம்தான் பட்டாசு அந்த ஊசியால துகள்களை ரெண்டு ரெண்டா சேத்து நிறுத்தியிருந்தா. படம் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போயாச்சு. அவ டாக்டர் பட்டமே அதுலதான் தொங்குது.

இப்ப புது ஊசி போட்டா ஒரு ஜோடியையும் காணோம். எல்லாம் ஒத்தை ஒத்தையா நிக்குது.

படிக்கிறவளைக் கண்டா இந்தாளுக்கு வயித்தெரிச்சல்னு நேரா புரொபசர்கிட்ட போய் வெடிச்சா. சாயங்காலத்துக்குள்ள ஊசி வரலன்னா அண்ணனுக்கு வேலை இல்லன்னுட்டாரு அவரு.

மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போன நேரம், அவரு டிராயரைக் குடைஞ்சா. அடியில ஒரு டப்பா. பதினாலாம் நம்பர்.

"முழியே சொல்லுச்சு"ன்னு முனகிக்கிட்டு, மெஷின்ல இருந்த தகட்டைக்கூட மாத்தாம ஊசிய மாட்டினா.

ஜோடிங்க திரும்பி வந்துச்சு. சிரிப்பும் வந்துச்சு.

அப்புறம்தான் தகட்டைக் கவனிச்சா. அது அவளோடதே இல்ல. அண்ணன் சோதனைக்கு வச்சிருக்கறது, யாரும் எதையும் தள்ளாதது. அதுலயும் எல்லாம் ஜோடி. அத்தனைக்கும் ஒரே இடைவெளி, ஒரே சாய்வு.

முனை ரெண்டாப் பிளந்திருக்கு. ஒவ்வொரு துகளையும் ரெண்டு தரம் தடவியிருக்கு. பத்திரிகைக்குப் போன ஜோடிங்களும் பொய்.

வாசல்ல அண்ணன் நின்னாரு.

"ஏன் சொல்லல?" ஊசியைக் கழட்டி டப்பாவுல போட்டுக்கிட்டே கேட்டா.

"படம் போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா உன் படிப்பு போயிடும். ஊசி தொலைஞ்சா என்னோட போச்சு. புது ஊசில பாத்துட்டு, நீயே படத்தைத் திரும்ப வாங்கிடுவன்னு நெனச்சேன்."

சாயங்காலம் புரொபசர் வந்தாரு. கையில அண்ணனை வேலையை விட்டு நிறுத்தற காகிதம்.

"ஊசி கிடைச்சுதாம்மா?"

அண்ணன் தலைய நிமித்தல. பட்டாசு, பைக்குள்ள இருந்த டப்பாவை இறுக்கிப் பிடிச்சா.

"இல்ல சார்."