சீதன வீட்டு உறுதி

"திறப்பைத் தாங்க அம்மா" என்று கை நீட்டினாள் தக்ஷாயினி.

"தரமாட்டன். என்னைக் கொண்டுபோய் ஆத்தில தள்ளிப்போட்டு எடு." அலுமாரித் திறப்பை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, அறை வாசலை மறித்து நின்றாள் கண்ணகை.

அந்த அலுமாரியில்தான் வீட்டு உறுதிப் பத்திரம் இருந்தது. நாவற்குடாவில் இந்த வீட்டைக் கல்லுக் கல்லாகக் கட்டி, மகள் தக்ஷாயினியின் பெயரில் சீதனமாக எழுதிவைத்த பிறகுதான் கண்ணகையின் புருஷன் கண்ணை மூடினார்.

விறாந்தையில் மருமகன் நிதுர்ஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். எதிர்க் கதிரையில் ஏஜென்சிக்கார ஜிப்ரி, கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்தார். ஐரோப்பாவில் தையல் வேலைக்கு நிதுர்ஷன் போட்ட விசா றிஜெக்ட் ஆகிவிட்டது என்று சொல்லத்தான் அவர் ஏறாவூரிலிருந்து வந்திருந்தார்.

"வேலையில ஒரு குறையும் இல்ல தம்பி. மெடிக்கலும் சரி. ஆனா உங்கட பேரில இஞ்ச வீடில்ல, வளவில்ல. பிடிச்சு இழுக்க ஒண்டுமில்லாத ஆள், போனா அங்கேயே ஒளிச்சிருவான் எண்டு நினைக்காங்க."

எப்படி இருக்கும்? இந்தப் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான்.

நிதுர்ஷனின் தகப்பன் வளவு தங்கச்சிக்குப் போனது. வட்டை வயல் காணி அக்காவுக்குப் போனது. அவன் பெயரில் மிஞ்சியது பாஸ்போட் ஒன்றுதான். இதையெல்லாம் கொழும்பில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற விசாத் துரைக்கு யார் போய் விளங்கப்படுத்துவது?

"இந்த வீட்டைத் தம்பிட பேருக்கு மாத்தினா, மாசம் முடியமுதல் திரும்பப் போட்டுப் பாக்கலாம்" என்றார் ஜிப்ரி. "பிந்தினா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

"மாத்துவீங்க, மாத்துவீங்க!" கண்ணகை சீறினாள். "கல்குடாவில என்ட மச்சாள்ர மகள் இப்பிடித்தான் புருஷனுக்கு எழுதிக் குடுத்தவள். போனவன் வீட்டையும் வித்துப்போட்டு அங்க ஒருத்தியோட இரிக்கான். இவள் புள்ளைகளோட வாடகை வீட்டில கிடக்காள்."

நிதுர்ஷன் எழுந்துவிட்டான். "மாமி, என்னையும் அவனோட சேக்கீங்களா?"

"நான் உங்களைச் சொல்லல்ல மருமகன். உலகத்தைச் சொல்றன்."

"எனக்கென்ன ஐரோப்பா பாக்கிற ஆசையா? ரெண்டும் பொம்புளப் புள்ளைகள். இரிக்கிறது ஒரு வீடு. மற்றவளுக்கு எங்க இரிந்து வீடு குடுக்கிற? இஞ்ச உழைச்சு அத்திவாரமாவது வெட்ட ஏலுமா?"

ஊரிலுள்ள தையல் தொழிற்சாலையில் மகளும் மருமகனும் அடுத்தடுத்த மெஷினில் தைக்கிறார்கள். அவனுக்கு வேலை பழக்கிவிட்டதே தக்ஷாயினிதான். இரண்டு பேருடைய சம்பளமும் சாப்பாட்டோடு சரி. வீடில்லாத பெண்ணுக்கு இங்கே மாப்பிள்ளை வருவது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணகைக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தக்ஷாயினி புருஷனை நேராகப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. வீட்டை எழுதித் தந்தா, திரும்பி வருவீங்களா?"

"புள்ளைகள் மேல சத்தியமா வருவன்."

"அங்க எத்தினை வருசமானாலும்?"

"எத்தினை வருசமானாலும் வருவன், தக்ஷி."

அவள் கண் கலங்கியது. அவனை அவள் நம்பினாள், அம்மா பயப்படுவதும் நியாயமாகத்தான் பட்டது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவருடைய மனம் உடையப்போகிறது.

கிட்டப் போய் அம்மாவின் முந்தானை முடிச்சைத் தானே அவிழ்த்தாள். கண்ணகை தடுக்கவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"எழுதிக் குடுத்திராத மகள். உன்ட அப்பா வெயிலில நிண்டு கட்டின வீடு. நாளைக்கு நடுறோட்டில நிண்டு என்னை நினைக்காத."

அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. உள்ளே துணிகளைத் தூக்குவதும் வைப்பதுமாகச் சத்தம் கேட்டது. நிதுர்ஷன் மாமியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டும் என்று கேட்ட பொருள் கைக்கு வரப்போகிறது, ஆனாலும் அவனுக்குத் துளியும் சந்தோசமில்லை.

தக்ஷாயினி உறுதியைக் கொண்டுவந்து ஜிப்ரிக்கு முன்னால் வைத்தாள். அவர் பெருமூச்சு விட்டுத் தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"நல்லது தங்கச்சி. பேரை மாத்த நாளைக்கே நொத்தாரிசிட்டப் போவம். மறுகா மற்ற வேலையெல்லாம் நான் பாக்கிறன்."

"நொத்தாரிசு வேணாம் ஜிப்ரி நானா."

ஜிப்ரி விழித்தார். நிதுர்ஷன் திரும்பினான். குந்தியிருந்த கண்ணகை தலையை நிமிர்த்தினாள்.

"அந்தத் தையல் வேலைக்குப் பொம்புளைகளையும் எடுக்காங்களா?" என்று கேட்டாள் தக்ஷாயினி.

"எடுக்காங்க. கூடுதலா பொம்புளைகள்தான். ஏன் கேக்கீங்க?"

அவள் உறுதியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வீடு என்ட பேரிலதானே இரிக்கு. விசாவையும் என்ட பேரிலயே போடுங்க."