மாட்டாத வால்வு

"இந்தப் புது வால்வு எவ்ளோ சூட்டுல எவ்ளோ அழுத்தம் தாங்கும்னு மெட்ராஸ் போயி ஸ்டாண்டர்டு புக்குல பாத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் பாய்லர்ல மாட்ட வேணாம், வீட்லயே இருக்கட்டும்," என்று தாஹிராவிடம் சொல்லிவிட்டுப் போனார், செஞ்சி அரிசி ஆலையில் பாய்லர் பார்த்த அவள் கணவர் ஜான் பாஷா. போகும் வழியில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். அது 1984.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடியக் காத்திருந்து, ஆலை முதலாளி குணபாலன் வால்வை எடுத்துப்போக வந்தார். தொட்டதும் கையை உதறினார்.

"இன்னாம்மா, அடுப்புல வெச்சிருந்தியா?"

"இல்லீங்க. அவரு வேலைக்குப் போற நேரமானா சுடும். சாயங்காலம் ஆறிடும்."

"தெனமுமா?"

"வெள்ளிக்கிழமை சுடாதுங்க. அன்னிக்கி அவருக்கு லீவு."

குணபாலன் வேறு வால்வு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாஹிரா அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி, ஆறும்வரை மடியில் வைத்திருந்தாள். அதன் இரண்டு வாயிலும் கடைக்காரர் ஒட்டியனுப்பிய காகிதம் கிழியாமலே இருந்தது.