கைப்பக்குவம்

"அரிப்பு சுத்தமா நின்னுடுச்சு. முடி கொட்டுறதும் நின்னுடுச்சு" என்றாள் மாமியார் போனில். பின்னால் நாய் குரைத்த குரைப்பில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே மருமகளுக்குப் போதுமாக இருந்தது. 'நம்ம சோப்பைத் தலைக்கும் போட்டுக்கிறாங்க போல' என்று பூரித்துப் போனாள்.

காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். "நம்ம ஆளுங்க இல்ல" என்று சொல்லி, மாமியார் மூன்று வருடமாக அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்ட மகராசிதான், மருமகள் வீட்டிலேயே சோப்பு செய்கிறாள் என்று மகன் சொல்லக் கேட்டு, "இங்கயும் ஒரே அரிப்பு. ஒண்ணு குடுத்தனுப்பு" என்றாள். அன்றிலிருந்து இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் கட்டி போனது. "தோல் வறண்டு போகுது" என்று பதில் வந்தது. தேங்காய் எண்ணெயைக் குறைத்து ஆலிவ் எண்ணெயைக் கூட்டினாள். "வாசனை ஒத்துக்கல, ஒரே தும்மல்" என்றதும் வாசனை எண்ணெயை நிறுத்தி, வேப்பெண்ணெய் சேர்த்தாள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் காயவைத்து, முதலில் தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புவாள். காஸ்டிக் சோடா கொஞ்சம் கூடிப்போன ஒரு தடவை, தோல் வெந்து தழும்பே விழுந்துவிட்டது.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றான் கணவன்.

"சும்மா இருங்க. என் கை பட்டது அவங்க உடம்புல படுதுல்ல? அது போதும் எனக்கு."

அந்தப் போன் வந்த மறுநாளே ஆறு கட்டிகளைப் புதுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தானே நேரில் போனாள். மாமியார் கதவைப் பாதி திறந்து, "வாசல்லயே வை" என்றாள். இருந்த சந்தோஷத்தில் அது இவளுக்கு உறைக்கவில்லை.

"உன் கைப்பக்குவத்தைச் சும்மா சொல்லக் கூடாது. தோல் பளபளன்னு ஆயிடுச்சு."

மூன்று வருடத்தில் முதல் பாராட்டு. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கையைக் காட்டுங்க அத்தை, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று ஆசையாக நெருங்கினாள்.

மாமியார் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

"என் கையா? நீ செஞ்சதை நான் போட்டுக்குவேனா? நாய்க்குத்தான்டி கேட்டேன்!"